கண்ணீர் ஆதாரமாகாது

நபி (ஸல்) அவர்கள் நடந்து செல்லும் வழியில் ஒரு மூதாட்டி நாள்தோறும் குப்பையைக் கொட்டுகிறாள். அவர்கள் முகம் சுளிக்காமல் கடந்து செல்கிறார்கள். ஒரு நாள் குப்பை விழவில்லை. விசாரிக்கிறார்கள்; மூதாட்டி நோயுற்றிருப்பதாகத் தெரிகிறது. வீடு தேடிச் சென்று நலம் விசாரிக்கிறார்கள். அவள் மனம் உருகி இஸ்லாத்தை ஏற்கிறாள்.

நம் மஹல்லாக்களில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. மதரஸா ஆண்டு விழாவில் சிறுமியர் ஒப்பிக்கிறார்கள். மீலாது மேடையில் முழங்குகிறார்கள். சமய நல்லிணக்கக் கூட்டங்களில் இதைச் சொல்லாமல் எந்த உரையும் நிறைவடைவதில்லை. சொல்பவரின் குரல் தழுதழுக்கிறது. கேட்பவரின் கண் கலங்குகிறது. குறை ஒன்றுதான். நம்பத்தக்க அறிவிப்பாளர் தொடர் எதனோடும் இந்நிகழ்ச்சி ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெறவில்லை.

இதைச் சொன்னவுடன் எழும் மறுமொழி நமக்கெல்லாம் பழக்கமானது: "கருத்து நல்லதுதானே? நபியவர்களின் பொறுமையைத்தானே சொல்கிறோம்? கேட்பவர் உள்ளம் இளகுகிறதே, அது போதாதா?"

போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். மிம்பரிலிருந்து சொல்லப்படும் சொல்லுக்குக் கண்ணீர் ஆதாரமாகாது. அதே வேளையில், ஆதாரத்தின் பெயரால் கதையையே மேடையிலிருந்து துரத்திவிட்ட மற்றொரு சாராரும் நபிவழியைப் பேணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உண்மை அருகிலேயே இருக்க, ஏன் இந்தப் பொய்?

குப்பைக் கதையின் மிகப் பெரிய கேடு, அது பொய் என்பதோடு முடிந்துவிடவில்லை. உண்மையான ஒரு வரலாற்றின் இடத்தை அது பறித்துக்கொண்டது. அனஸ் (ரலி) அறிவிக்க, புகாரியில் பதிவாகியுள்ள செய்தியைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்துவந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றான். நபியவர்கள் அவனை நலம் விசாரிக்கச் சென்று, தலைமாட்டில் அமர்ந்தார்கள். இஸ்லாத்தை ஏற்கும்படி அழைத்தார்கள். சிறுவன் அருகிலிருந்த தன் தந்தையைப் பார்த்தான். "அபுல் காசிம் சொல்வதைக் கேள்" என்ற கருத்தில் தந்தை சொன்னார். சிறுவன் இஸ்லாத்தை ஏற்றான். அவனை நரகிலிருந்து காத்த அல்லாஹ்வைப் புகழ்ந்தவர்களாக நபியவர்கள் வெளியே வந்தார்கள்.

பிற சமயத்தவரை நோயில் நலம் விசாரித்த பண்பு இதில் இருக்கிறது. தலைமாட்டில் அமரும் பரிவு இருக்கிறது. பிள்ளை தந்தையைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வையில் ஒரு குடும்பமே இருக்கிறது. தன் மதத்தை விடாத அந்தத் தந்தை மகனுக்கு வழிவிட்ட கணத்தைப் பற்றி மட்டுமே ஓர் ஆலிம் பத்து நிமிடம் பேசலாம். கற்பனை மூதாட்டிக்கு வாரி வழங்கிய குரலில் பாதியை இந்தச் சிறுவனுக்குத் தந்திருந்தால், நம் பிள்ளைகள் இன்று மனப்பாடமாக ஒப்பிப்பது இவனுடைய வரலாறாக இருந்திருக்கும்.

அடுத்து அல்கமா கதை. தாயின் மனம் நோகச் செய்ததால் மரண வேளையில் கலிமா மொழிய முடியாமல் தவித்த இளைஞர்; மகனை மன்னிக்க மறுக்கும் தாய்; விறகைக் கொண்டுவரச் சொல்லி அவரை எரிக்கப்போவதாக நபியவர்கள் கூறியதாகக் காட்சி. தாய்மையைப் பற்றிய பயான்களில் இதற்கு நிரந்தர இடம் உண்டு. இதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை வல்லுநர்களால் கைவிடப்பட்டவர் இருக்கிறார். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலே சேர்த்திருக்கிறார். தாயின் மாண்பைச் சொல்ல விரும்பி, அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்தவர் மீது, சாகக் கிடக்கும் ஒரு தோழரைத் தீயிலிட விறகு கேட்டதாக ஒரு செய்தியைச் சுமத்துகிறோம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெற்றோரைப் பற்றிப் பேச உண்மைக்குப் பஞ்சமா? குகையில் அடைபட்ட மூவரின் வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூவருள் ஒருவர் ஆட்டிடையர். முதிய பெற்றோருக்குக் கொடுத்த பின்னரே தம் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பவர். ஒரு நாள் மேய்ச்சலுக்குத் தொலைவில் சென்று தாமதமாகத் திரும்புகிறார். பெற்றோர் உறங்கிவிட்டனர். எழுப்ப மனமில்லை; அவர்களுக்கு முன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் மனமில்லை. கையில் பால் பாத்திரத்தோடு விடியும்வரை நிற்கிறார். காலடியில் பிள்ளைகள் பசியால் அழுகிறார்கள். முதுமையடைந்த தாய் தந்தையை வீட்டில் வைத்திருக்கும் எந்தக் குடும்பத் தலைவரும் அந்தப் பாத்திரத்தின் கனத்தைத் தம் கையில் உணர்வார். மிரட்டலும் விறகும் இதற்குத் தேவையில்லை.

உமர் (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் தம் மகளை உயிரோடு புதைத்ததாகவும், குழி தோண்டும்போது அச்சிறுமி தந்தையின் தாடியில் படிந்த மண்ணைத் தட்டிவிட்டதாகவும் சொல்லப்படும் கதையும் இவ்வகையே. இதற்கும் நம்பத்தக்க அறிவிப்பு இல்லை. உமரின் மகள் ஹஃப்ஸா (ரலி) நபித்துவத்திற்கு முன்னரே பிறந்து, அந்த வீட்டிலேயே வளர்ந்து, பின்னர் நம் அன்னையரில் ஒருவரானார் என்பதே அக்கதையைச் சந்தேகிக்கப் போதுமானது. கேட்போரை அழவைக்க ஒரு சிறுமி தேவைப்பட்டாள். அதற்காக இரண்டாம் கலீஃபாவைச் சிசுக்கொலை செய்தவராக்கினோம். ஒருவரைப் பற்றி ஆதாரமின்றிப் பேசுவது புறமும் அவதூறும் என்று அதே மிம்பரில்தானே போதிக்கிறோம்?

நல்ல நோக்கம் என்னும் பழைய சாக்கு

"நல்ல நோக்கத்திற்காகச் சொல்கிறோம்" என்பது இன்றைய கண்டுபிடிப்பன்று. நூஹ் பின் அபீ மர்யம் என்பவர் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பைப் பற்றியும் ஹதீஸ்களை இட்டுக்கட்டினார் என்றும், காரணம் கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் சட்டக் கலையிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கியதைக் கண்டு நன்மை நாடியே அவ்வாறு செய்ததாகச் சொன்னார் என்றும் ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. நபியவர்களுக்கு எதிராகப் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு ஆதரவாகவே சொல்கிறோம் என்று வாதிட்டோரும் இருந்தனர். இவர்களின் நோக்கத்தை மெச்சி எந்த இமாமும் இவர்களின் செய்திகளை ஏற்கவில்லை. பொய்யர் பட்டியலில்தான் இவர்களின் பெயர்கள் நிற்கின்றன.

வேண்டுமென்றே என்மீது பொய்யுரைப்பவர் தம் இருப்பிடத்தை நரகில் அமைத்துக்கொள்ளட்டும் என்ற கருத்திலான நபிமொழி, ஏராளமான தோழர்கள் வழியாக நம்மை வந்தடைந்தது. அதில் 'நல்ல நோக்கத்திற்காகத் தவிர' என்ற விதிவிலக்கு இல்லை. "நான் இட்டுக்கட்டவில்லை, கேட்டதைத்தான் சொன்னேன்" என்று ஒருவர் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்துள்ள செய்தியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததை வந்தவாறே மிம்பரில் ஏற்றுவோருக்கும், அதனைக் குடும்பக் குழுக்களில் பரப்பும் நமக்கும் இது சேர்த்தே சொல்லப்பட்டது.

இன்னொரு சாக்கும் உண்டு. "பனூ இஸ்ராயீல்களின் செய்திகளை அறிவிக்க நபியவர்களே அனுமதித்தார்களே?" அனுமதித்தார்கள், மெய்தான். புகாரியில் அந்த நபிமொழியை முழுமையாக வாசியுங்கள். தம்மிடமிருந்து ஒரு வசனத்தையேனும் எத்திவைக்கச் சொல்லி, பனூ இஸ்ராயீல்களிடமிருந்து அறிவிப்பதில் குற்றமில்லை என்றும் கூறிய அதே மூச்சில்தான், தம்மீது பொய்யுரைப்போருக்கான எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதியும் எல்லையும் ஒரே செய்தியில் இருக்கின்றன. முன்பாதியை மட்டும் மனனம் செய்த பேச்சாளர் பின்பாதிக்கும் பதில் சொல்ல வேண்டியவரே.

நிலாவில் ஒலித்த பாங்கு

இவையெல்லாம் ஆலிம்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய நுட்பங்கள், பாமரக் குடும்பங்களுக்கு இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் நம் வீட்டில்தான்.

1969-ஆம் ஆண்டு நிலாவில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசையைக் கேட்டார் என்றும், பின்னர் கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்றும் நம் மேடைகளில் எத்தனை ஆண்டுகளாக முழங்கியிருக்கிறார்கள்! காற்றில்லாத நிலாவில் ஓசை பரவாது என்பது பள்ளிப் பாடம். ஆர்ம்ஸ்ட்ராங் மதம் மாறவில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே 1983-இல் தன் தூதரகங்களுக்கு அறிவித்தது. 2012-இல் அவர் இறந்த பின்னரும் நம் மேடைகளில் அந்தக் கதைக்கு மட்டும் மரணம் வரவில்லை.

பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் பள்ளியின் பின்வரிசையில் அமர்ந்து இதைக் கேட்கிறான் என்று வையுங்கள். வீடு திரும்பு முன்னரே கைப்பேசியில் தேடிப் பார்க்கிறான். பொய் என்று தெரிந்துகொள்கிறான். எவரிடமும் சொல்வதில்லை. அடுத்த வாரம் அதே மிம்பரில், அதே குரலில், நிலா பிளந்த அற்புதத்தைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அது குர்ஆனிலும் ஆதாரபூர்வமான ஹதீஸ்களிலும் உள்ள செய்தி. ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. இரண்டையும் அவன் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறான். அந்தப் பெட்டி மூடப்பட்ட ஓசை பேச்சாளருக்குக் கேட்காது, பெற்றோருக்கும் கேட்காது. சில ஆண்டுகள் கழித்து "பையன் ஏன் ஜும்ஆவுக்கு வர மறுக்கிறான்?" என்று நாம் வியப்போம்.

பொய்க் கதையால் ஒரு தலைமுறை அழுதது. அதே பொய்க் கதையால் அடுத்த தலைமுறை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு உண்மையான வரலாறுகள் மீதும் விழுகிறது. இதைவிடப் பெரிய நட்டம் எது?

நம் முன்னோர் கண்ட போராட்டம்

மேடைக் கதைசொல்லிகளை அரபு வரலாறு 'குஸ்ஸாஸ்' என்று அழைக்கிறது. பள்ளிவாசல்களிலும் கடைத்தெருக்களிலும் கூட்டம் சேர்த்துக் கதை சொன்ன இவர்களைப் பற்றி நம் இமாம்கள் தனி நூல்களே எழுதினர். ஹிஜ்ரி 597-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ எழுதினார். ஹிஜ்ரி 911-இல் மறைந்த ஸுயூத்தீ (ரஹ்) எழுதினார். அடிப்படையற்ற செய்திகளைச் சொல்லிவந்த ஒரு பேச்சாளரைக் கண்டித்ததற்காக, அவருடைய அபிமானிகளின் மிரட்டலுக்கு ஸுயூத்தீ ஆளானார். கதையைக் கேள்வி கேட்பவரை 'நபியின் மீது அன்பில்லாதவர்' என்று தூற்றும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குஸ்ஸாஸ்களைக் கண்டித்து நூல் எழுதிய இப்னுல் ஜவ்ஸீ, பேசத் தெரியாத வறண்ட அறிஞர் அல்லர். அவர் காலத்து பக்தாதில் அவரைப்போல் கூட்டத்தை உருகவைத்த பேச்சாளர் இல்லை. 1184-இல் பக்தாதுக்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அவருடைய சபைகளில் அமர்ந்து, மக்கள் கதறி அழுததையும் தவ்பா செய்ததையும் வியந்து எழுதியிருக்கிறார். பொய்யின்றி மக்களை அழவைக்க முடியாது என்போருக்கு இதுவே மறுப்பு.

குஸ்ஸாஸ்களைப் பழிக்கும்போது பலரும் சொல்லும் ஒரு வேடிக்கை நிகழ்ச்சியும் உண்டு. பக்தாதின் ருஸாஃபா பள்ளியில் ஒரு கதைசொல்லி, அஹ்மத் பின் ஹன்பலும் யஹ்யா பின் மயீனும் தமக்கு அறிவித்ததாகச் சொல்லி நீண்ட பொய்யொன்றை அளக்கிறார். அவ்விரு இமாம்களும் அதே சபையில் இருக்கிறார்கள். "நான்தான் யஹ்யா, இவர்தாம் அஹ்மத், நாங்கள் இதை அறிவிக்கவில்லையே" என்று கேட்டபோது, "உலகில் நீங்கள் இருவர்தாம் யஹ்யாவும் அஹ்மதுமா? நான் பதினேழு அஹ்மத் பின் ஹன்பல்களிடம் எழுதியிருக்கிறேன்" என்கிறாராம் அவர்.

சுவையான கதைதான். ஆனால் இமாம் தஹபீ (ரஹ்) இந்நிகழ்ச்சியை அறிவிப்பவர் யாரென்றே தெரியவில்லை என்றும், இது அவரே இட்டுக்கட்டியதாக இருக்கலாம் என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார். பொய்க் கதைக்கு எதிரான கதையையும் அதே தராசில் நிறுத்த மார்க்க அறிஞரின் நேர்மை இது. தமக்குச் சாதகமான செய்தியென்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்நேர்மையில் பத்தில் ஒரு பங்கு நம் மேடைகளுக்கு வந்துவிட்டால் போதும்.

கதையைத் துரத்தியோர்

இனி மறுபக்கம். கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ் முஸ்லிம்களிடையே ஹதீஸ்களைத் தரம் பிரித்துப் பார்க்கும் விழிப்பு ஏற்பட்டது. அது பெரும் பேறு. அதற்காக உழைத்தோருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனினும் அவ்விழிப்பின் பெயரால் சில மேடைகள் வறண்டுபோயின. ஹதீஸ் எண்கள், அறிவிப்பாளர் குறைகள், எதிர்த்தரப்புக்கான மறுப்பு என்று மிம்பர் நீதிமன்றமாகிவிட்டது. சிறுவர்களும் முதியவர்களும் உழைத்துக் களைத்தவர்களும் அமர்ந்திருக்கும் சபையில் ஒரு மணி நேரம் எண்களையே வாசித்தால், அவர்கள் எதை வீட்டுக்குக் கொண்டுசெல்வார்கள்?

கதை சொல்வது மார்க்கத்திற்கு அயலானது என்று எவரேனும் கருதினால், அவர் முதலில் குர்ஆனைத் திறக்கட்டும். அதில் ஓர் அத்தியாயத்தின் பெயரே 'அல்கஸஸ்', அதாவது வரலாறுகள். மூஸா (அலை) அவர்களின் பெயர் 136 இடங்களில் வருகிறது. 111 வசனங்கள் கொண்ட யூஸுஃப் அத்தியாயம், வரலாறுகளுள் மிக அழகியதைச் சொல்லப்போவதாக அறிவித்துத் தொடங்குகிறது.

அந்த அத்தியாயம் பேச்சாளருக்கு ஒரு பாடநூல். ஒரு கனவில் தொடங்கி, அந்தக் கனவு நனவாவதில் முடிகிறது. இடையில் யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை மூன்று முறை வருகிறது. முதலில் பொய் இரத்தம் தோய்ந்து தந்தையை ஏமாற்ற வருகிறது. பின்னர் பின்புறம் கிழிந்து அவருடைய கற்புக்குச் சாட்சி சொல்கிறது. இறுதியில் தந்தையின் முகத்தில் இடப்பட்டுப் பார்வையை மீட்கிறது. அஸீஸின் மனைவிக்குக் குர்ஆன் பெயர் சொல்லவில்லை. அவளுடைய அழகை வருணிக்கவில்லை. நம் பேச்சாளர்களோ அவளுக்குப் பெயரிட்டு, அலங்கரித்து, யூஸுஃப் நபிக்கு மணமுடித்தும் வைத்துவிடுகிறார்கள். அல்லாஹ் தேவையில்லை என்று விட்ட இடத்தை நிரப்பும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? குகைத் தோழர்கள் எத்தனை பேர் என்று மக்கள் சர்ச்சை செய்வதைக் குறிப்பிட்டு, அதில் தர்க்கம் வேண்டாம் என்று குர்ஆன் வழிகாட்டுகிறது. நாமோ அவர்களுடைய நாயின் பெயரைக் கூறிப் பெருமைப்படுகிறோம்.

நபியவர்கள் சொன்ன வரலாறுகளும் அப்படியே. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் செய்தியில், கிணற்றில் இறங்கியவர் தம் காலுறையில் நீர் நிரப்பி, அதனை வாயால் கவ்விக்கொண்டு ஏறினார் என்று வருகிறது. ஏன் வாயால்? ஏறுவதற்கு இரு கைகளும் வேண்டும். இந்த ஒரு விவரத்திலேயே கிணறும், அவருடைய சிரமமும், தோலுறை வாயில் உறுத்துவதும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. நாயின் நிறமோ ஊரின் பெயரோ இல்லை, அவை தேவைப்படவில்லை. கேட்டிருந்த தோழர்கள் தாமாகவே, கால்நடைகளிடம் பரிவு காட்டுவதிலும் எங்களுக்கு நற்கூலி உண்டா என்று கேட்டார்கள். கதை கேள்வியை எழுப்பியது. உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்ற சட்டம் பின்னரே வந்தது. நாமோ சட்டத்தை முதலில் சொல்லிவிட்டு, கேட்க ஆளில்லையே என்று வருந்துகிறோம்.

தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவரின் வரலாற்றில், 'எனக்கு மன்னிப்பு உண்டா?' என்ற ஒரே கேள்வி தொடக்கத்தில் எழுகிறது. அறிவில்லாத துறவி இல்லை என்கிறார், அவரும் கொல்லப்படுகிறார். அறிஞர் உண்டு என்று கூறி, நல்லோர் வாழும் ஊருக்கு வழிகாட்டுகிறார். அவர் வழியிலேயே இறக்கிறார். வானவர்கள் வாதிடுகிறார்கள், தூரம் அளக்கப்படுகிறது, நல்லூருக்கு ஒரு சாண் அருகில் இருக்கிறார். அளந்து முடிக்கும்வரை விடை நமக்குத் தெரியாது. வணக்கசாலியாயினும் அறிவின்றிப் பேசியவர் மன்னிப்பின் கதவை அடைக்க முயன்றார் என்பதை மேடையேறும் ஒவ்வொருவரும் தமக்கான பாடமாகவும் கொள்ளலாம்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் கதை புதிதன்று. கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று தனி இலக்கிய வகைகளையே தமிழுக்குத் தந்தவர்கள் நம் புலவர்கள். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டைத் தமிழ் மருத நிலமாகவே வருணித்தார். அது காப்பிய மரபு என்று நம் பாட்டன்மாருக்குத் தெரியும். மக்காவில் நெல் விளைந்தது என்று எவரும் நம்பிக்கொண்டு போகவில்லை. காப்பியத்தைக் காப்பியமாகச் சுவைத்தவர்கள் நாம். காப்பிய அலங்காரம் 'நபியவர்கள் சொன்னார்கள்' என்ற முகவுரையோடு மிம்பரில் ஏறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

நாவன்மை எதற்கு?

பேச்சாற்றல் உள்ளவர் தம் ஆற்றலை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு, கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. ஹிஜ்ரி 9-இல் நடந்த தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கியதை, அவரே தம் வாயால் நீண்ட வரலாறாகச் சொல்லியிருக்கிறார், புகாரியில் இருக்கிறது. அதற்கு முன் ஒருபோதும் தம்மிடம் இரண்டு வாகன ஒட்டகங்கள் இருந்ததில்லை என்கிறார். கனிகள் பழுத்து நிழல் இனித்த காலம் என்கிறார். நாளை புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று நாள்கள் கழிந்ததை மறைக்காமல் சொல்கிறார்.

நபியவர்கள் திரும்பி வந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குச் சொல்லித் தப்பித்தார்கள். கஅபோ கவிஞர், வாதத் திறன் வாய்க்கப்பெற்றவர். உலகத்தாரில் வேறு எவர் முன் அமர்ந்திருந்தாலும் ஏதேனும் காரணம் கூறிக் கோபத்திலிருந்து தப்பியிருப்பேன் என்ற கருத்தில் அவரே சொன்னார். ஆனால் சொல்லவில்லை. தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையை மட்டும் சொன்னார். விலை ஐம்பது இரவுகள். எவரும் பேசவில்லை; ஸலாமுக்குப் பதில் வருகிறதா என்று உதடுகளைப் பார்த்து ஏங்கினார். பின்னர் அவருடைய தவ்பா ஏற்கப்பட்டதாக வஹீ வந்தது. பள்ளிக்குள் நுழைந்தபோது தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்ததைத் தாம் மறக்கவே இல்லை என்கிறார். உண்மையே தம்மைக் காத்தது என்பதால், வாழ்நாள் முழுதும் உண்மையே பேசுவதாக உறுதிபூண்டார்.

நாவன்மை உள்ள மனிதர், தம் உயிரினும் இனிய ஒருவரின் அன்பை இழக்கும் வேளையிலும் அந்த நாவன்மையைப் பொய்க்குத் தரவில்லை. நாம் ஒரு கூட்டத்தின் கண்ணீருக்காகத் தந்துவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

மேடையேறும் ஆலிம்களுக்குப் பணிவோடு சொல்வது: ஓர் உரைக்கு ஒரு வரலாறு போதும். எங்கே உள்ளது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். பனூ இஸ்ராயீல் செய்தியாயின் அவ்வாறே சொல்லுங்கள். நீங்களே புனைந்த உவமைக் கதையாயின், 'ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன்' என்று முன்கூட்டியே அறிவியுங்கள். கேட்போர் அதனாலும் பயன்பெறுவார்கள், உங்கள் அமானிதமும் காக்கப்படும். தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்று முஸ்லிமில் வருகிறது. பேச்சில் சூனியம் உண்டு என்ற எச்சரிக்கையும் அதே செய்தியில் இருக்கிறது. அங்கே நபியவர்கள் ஆண்ட சொல், நாம் நம் உரைகளுக்குச் சூட்டியிருக்கும் அதே 'பயான்'தான். மக்கள் சலிப்படைவார்கள் என்று அஞ்சி வியாழக்கிழமை மட்டுமே உபதேசம் செய்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களையும் நினைவில் வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: குரல் வளத்தையும் கூட்டம் சேரும் அளவையும் மட்டும் பார்த்துப் பேச்சாளரை அழைக்காதீர்கள். உங்கள் இமாமுக்கு நூல்கள் வாங்க வசதி செய்யுங்கள். தயாரிக்க நேரம் கொடுங்கள். ஐவேளைத் தொழுகையும் மக்தப் வகுப்பும் நிகாஹ் பதிவும் ஜனாஸாவும் ஒருவர் தலையிலேயே சுமத்திவிட்டு, மிம்பரில் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமன்று. பொய்க் கதைக்குப் பொறுப்பு சொன்னவரிடம் மட்டும் இல்லை.

பெற்றோருக்கு: ஜும்ஆ முடிந்து வந்ததும், உணவின்போது, "இன்று ஹஜ்ரத் என்ன வரலாறு சொன்னார்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அது எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள். கிடைத்தால் பிள்ளைக்கு ஒரு வரலாறு சொந்தமாகும். கிடைக்காவிட்டால், ஹஜ்ரத்தைப் பழிக்காமல், அடுத்த நாள் மரியாதையோடு அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை வரவேற்கும் இமாம் அந்த மஹல்லாவின் செல்வம். சந்தேகத்தை நெஞ்சில் பூட்டிக்கொண்டு பின்வரிசையில் மௌனமாக அமரும் பிள்ளையைவிட, கேட்டுத் தெளியும் பிள்ளை நமக்கு மிக அருகில் இருக்கிறான்.

அல்லாஹ் நம் நாவுகளை உண்மையில் நிலைக்கச் செய்வானாக. உண்மையை அழகாகச் சொல்லும் ஆற்றலை நம் உலமாக்களுக்கும், உண்மையைக் கேட்டு உருகும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அவன் வழங்குவானாக. ஆமீன்.